ரவுல் கூத்தாருக்கென்று ஒரு ஸ்டைல் உண்டா, இல்லை எல்லாம் கோதார்தானா?

நிழல்வாசி:
வேறொரு இழையில் ஒருவர் போகிற போக்கில், "ஃபிரெஞ்சு புதிய அலை (1950-களின் கடைசியில் இளம் இயக்குநர்கள் தொடங்கிய சினிமா அலை) என்றால் கேமராவைக் கையில் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள், லைட்டே போடவில்லை, அவ்வளவுதானே" என்று எழுதியிருந்தார். அங்கேயே பதில் சொன்னால் அந்த இழை கெடும். அதனால் தனியாக.

அந்தக் கேமராவைத் தூக்கிய ஒளிப்பதிவாளரின் பெயர் ரவுல் கூத்தார். 1924-ல் பாரிஸில் பிறந்து 2016-ல் இறந்தவர். வேதியியல் படிக்க ஆசைப்பட்டு, அதற்கு வசதியில்லாமல் போட்டோ லேபுக்கு வேலைக்குப் போனார். பிறகு ராணுவம், இந்தோசீனா, போர்க்களப் புகைப்படம். வியட்நாமிலும் சுற்றுவட்டாரத்திலும் பத்து வருடத்துக்கு மேல் கழித்தார். சினிமாக் கேமராவைத் தொட்டதே இல்லை. அங்கே பழக்கமான பியர் ஷொண்டொர்ஃபர் (ஃபிரெஞ்சுப் படை தோற்ற தியன் பியன் ஃபூ போரில் பிடிபட்டுச் சிறையிலிருந்து திரும்பியவர்) ஆப்கானிஸ்தானில் ஒரு படம் எடுக்கக் கூப்பிட்டார். ஸ்டில் போட்டோ எடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டாராம். போய்ச் சேர்ந்த பிறகுதான் ஒளிப்பதிவாளரே தான்தான் என்று தெரிந்திருக்கிறது.

அந்தப் படத்தின் தயாரிப்பாளர் ஜார்ஜ் த பொர்கார். 1959-ல் கோதார் என்ற புது இயக்குநரை வைத்து "ப்ரெத்லெஸ்" தொடங்கும்போது, கூத்தாரைக் கோதார் தலையில் கட்டியது அவர்தான். 1959-லிருந்து 1967 வரை கோதாரோடு பதினைந்துக்குக் கொஞ்சம் குறைவான படங்கள். நடுவில் த்ரூஃபோ, ழாக் தெமி என்று மற்ற இயக்குநர்கள். பின்னால் கோஸ்டா கவ்ராஸ், ஓஷிமா, கடைசியில் ஃபிலிப் கரேல்.

என் கட்சி இதுதான்: கூத்தாரின் ஸ்டைல் அலட்சியத்தில் பிறந்ததல்ல. பத்திரிகைப் புகைப்படக்காரனின் பழக்கத்தில் பிறந்தது. இருக்கிற வெளிச்சத்தில், கிடைக்கிற நேரத்தில், எதிரில் நடப்பதைக் கெடுக்காமல் எடுத்துவிட வேண்டும். அவர் சேமித்தது பணம்கூட இல்லை, நேரம். லைட் அடிக்கிற நேரத்தைப் பிடுங்கி நடிகர்களிடம் கொடுத்தார்.

கடுகுமணி:
நல்லா எழுதியிருக்கீங்க, ஆனா ஒத்துக்க முடியல. கூத்தார் நல்ல கைவேலைக்காரர். ஸ்டைல் கோதாரோடது. "லைட் வேணாம்"னு சொன்னது கோதார், "தெருவுல எடுப்போம்"னு சொன்னதும் கோதார். இவர் பட்டனை அமுக்கினார்.

அதோட, புதுசுன்னு என்ன இருக்கு? ஆன்ரி தெகாயேங்கற ஒளிப்பதிவாளர் அதுக்கு முன்னாடியே பண்ணிட்டார். லூயி மால் இயக்கின "எலிவேட்டர் டு த கேலோஸ்" படத்துல நடிகை ழான் மொரோ ராத்திரி பாரிஸ் ஷான்ஸெலிஸே வீதில நடந்து போவாங்களே, கடை ஷோகேஸ் வெளிச்சம் மட்டுந்தான், கேமரா குழந்தை வண்டியில. படம் 1958-ல வந்துடுச்சு. த்ரூஃபோவோட முதல் முழுநீளப் படமும் தெகாயேதான். கூத்தார் வந்தது அதுக்கப்புறம்.

வடபழனி ஃபோகஸ்:
பட்டன் அமுக்குனார்னு சொல்றவங்க ஒரு தடவையாவது கேமரா மேகசின்ல (ஃபிலிம் பெட்டி) ஃபிலிம் லோட் பண்ணிப் பாத்திருக்கணும் 😄

ப்ரெத்லெஸ் மேட்டரை டெக்னிகலா சொல்றேன். கோதார், ஸ்டில்லுக்கு உனக்குப் பிடிச்ச ஃபிலிம் எதுன்னு கேக்கறார். இவர் இல்ஃபோர்டு ஹெச்பிஎஸ்ங்கறார். அந்தக் காலத்துக்கு செம ஸ்பீடு, அதாவது கம்மி வெளிச்சத்துலயே படம் விழும். ஆனா அதை சினிமாவுக்குத் தயாரிக்கல. ஸ்டில் கேமராவுக்கு 17.5 மீட்டர் சுருளாத்தான் வரும். கணக்குப் போடுங்க: 35 எம்எம்-ல, செகண்டுக்கு 24 ஃப்ரேம்னா, ஒரு சுருள் நாற்பது செகண்டு கூட ஓடாது. அதனால சுருள் சுருளா ஒட்டி நீளமாக்கியிருக்காங்க.

அடுத்த சிக்கல் ஓட்டை. ஸ்டில் ஃபிலிமோட பெர்ஃபரேஷனும் சினிமா நெகட்டிவோட பெர்ஃபரேஷனும் ஒண்ணு கிடையாது. மிட்செல்ங்கற பெரிய ஸ்டூடியோ கேமராவுல போட்டா நிக்காது. எக்லேர் கேமிஃப்ளெக்ஸ்ங்கற சின்ன கேமரா மட்டும் தாக்குப் பிடிச்சது. ஆக அந்தக் கேமராவை எடுத்ததுக்கு "கையில தூக்கலாம்"ங்கறது மட்டும் காரணம் இல்ல, ஃபிலிமும் ஒரு காரணம். கேமிஃப்ளெக்ஸ் சத்தம் தாங்காது, தையல் மெஷின் மாதிரி ஓடும். அதான் லைவ் சவுண்டு இல்லாம பின்னாடி டப்பிங். டேக் ஓடும்போதே கோதார் சத்தமா வசனம் சொல்லிக் குடுத்தார்னு சொல்றாங்களே, அதுக்கும் இதுதான் காரணம், எப்படியும் டப் பண்ணணும்.

மூணாவது லேப். ஹெச்பிஎஸ்ஸை லேபுல இன்னும் புஷ் பண்ணி 800 ஏஎஸ்ஏ (ஃபிலிம் ஸ்பீடோட அளவு) வரைக்கும் இழுக்க வேற டெவலப்பர் (ஃபிலிம் கழுவுற கெமிக்கல்) வேணும். பெரிய லேபுல பல படத்துக்கும் ஒரே தொட்டி, உனக்காக எவன் கெமிக்கல் மாத்துவான்? லேபுல டெஸ்டுக்கு வச்சிருந்த சின்ன மெஷினை இதுக்குன்னு கேட்டு வாங்கி ஓட்டுனாங்க. இவ்ளோவும் பெரும்பாலும் ராத்திரி சீனுக்காக. அந்தக் கிரெயின், அந்தக் கறுப்பு, எல்லாம் லேபுல பொறந்தது. போட்டோ லேபுல வேலை பாத்த ஆளு இல்லாம இதை யோசிச்சிருக்கவே முடியாது. கோதாருக்கு ஃபினிடோன் டெவலப்பர் பத்தி என்ன தெரியும்?

நிழல்வாசி:
@வடபழனி ஃபோகஸ் பிரமாதம் அண்ணே. இதைத்தான் சொல்ல வந்தேன்.

@கடுகுமணி தெகாயே விஷயம் உண்மைதான், மறுக்கவில்லை. ப்ரெத்லெஸின் ஷான்ஸெலிஸே காட்சிக்குக் கூத்தாரும் தபால் வண்டிக்குள் உட்கார்ந்து, ஓட்டை வழியாக லென்ஸை நீட்டித்தான் எடுத்தார். ட்ராலிக்குச் சக்கர நாற்காலி. யோசனைகள் அந்தக் காலத்துப் பாரிஸ் காற்றிலேயே இருந்தன.

ஆனால் வீட்டுக்குள் என்ன செய்தார் என்று பாருங்கள். அப்போதைய ஸ்டூடியோ முறையில் நடிகர் எங்கே நிற்பார் என்று தரையில் குறி போட்டு, அந்த இடத்துக்கு மேலிருந்து லைட் கட்டுவார்கள். நடிகர் அரையடி நகர்ந்தால் முகம் இருண்டுவிடும். கூத்தார் சுவரின் உச்சியில் அலுமினியச் சட்டத்தில் போட்டோஃப்ளட் பல்புகளை (புகைப்படக்காரர்களின் பளிச் பல்புகள்) வரிசையாக மாட்டி, எல்லாவற்றையும் கூரையைப் பார்த்துத் திருப்பிவிட்டார். வெள்ளைக் கூரையில் பட்டு வெளிச்சம் அறை முழுக்கச் சமமாக இறங்கும். ஒரு முறை மாட்டினால் போதும். நடிகர் எங்கு வேண்டுமானாலும் போகலாம், கேமரா எந்தப் பக்கமும் திரும்பலாம், ஃப்ரேமில் ஒரு ஸ்டாண்டு கூட விழாது. கோதாரின் "எ வுமன் இஸ் எ வுமன்" படத்துக்கு உண்மையான வீடு கைநழுவிப் போனதால் ஸ்டூடியோவில் செட் போட்டார்கள். கோதார் அதையும் கூரையோடு, கழற்ற முடியாத சுவர்களோடு கட்டச் சொன்னார். அப்படியொரு செட்டில் பழைய முறை நடக்கவே நடக்காது. கூத்தாரின் முறை நடந்தது.

ஆழ்குவியம்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இப்படித் தெறிக்கவிடும் பவுன்ஸ் லைட் என்று பேசத் தொடங்கினால் சத்யஜித் ராயின் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவைச் சொல்லாமல் விடக்கூடாது. ராயின் "அபராஜிதோ" 1956. காசி வீட்டு முற்றத்தை ஸ்டூடியோவில் செட் போட்டபோது, வானத்திலிருந்து இறங்கும் நிழலில்லாத வெளிச்சத்துக்காக மேலே வெள்ளைத் துணி கட்டி அதில் லைட்டை அடித்துத் தெறிக்கவிட்டார். ப்ரெத்லெஸுக்கு மூன்று வருடம் முன்பு.

இதில் ஒரு அழகான முடிச்சு உண்டு. மித்ரா சினிமாவைப் பார்த்துக் கற்றது ஒரு ஃபிரெஞ்சு ஒளிப்பதிவாளரிடம்தான். இயக்குநர் ழான் ரெனுவார் வங்காளத்தில் "தி ரிவர்" எடுத்தபோது அவருடைய அண்ணன் மகன் க்ளோத் ரெனுவார்தான் ஒளிப்பதிவு. மித்ரா படப்பிடிப்பில் ஓரமாக நின்று லைட் எங்கே, நடிகர் எங்கே என்று படம் வரைந்து குறித்துக்கொண்டே இருந்தார். பிறகு கன்டினியுட்டி (ஷாட்டுக்கு ஷாட் வெளிச்சம் ஒத்துப்போவது) சந்தேகம் வந்தால் க்ளோத் ரெனுவாரே அந்த நோட்டை வாங்கிப் பார்ப்பாராம்.

கடுகுமணி:
@ஆழ்குவியம் சூப்பர். இப்ப சொல்லுங்க, கூத்தாரோட "கண்டுபிடிப்பு" எங்க?

வடபழனி ஃபோகஸ்:
யார் முதல்லங்கறது வேற, எதுக்குங்கறது வேற பாஸ். மித்ரா செட்டை நிஜ முற்றம் மாதிரி காட்டப் பண்ணார். ரிசல்ட் முக்கியம். கூத்தாருக்கு யூனிட்டோட வேகம் முக்கியம். இன்னிக்கும் நம்ம யூனிட்ல தெர்மாகோல் போட்டுப் பவுன்ஸ் பண்ணும்போது ரெண்டு வேலையும் நடக்குது. லைட்மேனைக் கேட்டா "சார் இது சீக்கிரம் முடிஞ்சிரும்"னுதான் சொல்வார், "நிஜம் மாதிரி இருக்கும்"னு சொல்ல மாட்டார்.

லாசப்பல்:
வணக்கம் எல்லாருக்கும். நான் இருக்கிறது பரிசில. நீங்கள் எல்லாரும் கறுப்பு வெள்ளையையே கதைச்சுக்கொண்டு இருக்கிறியள். என்னைக் கேட்டால் கூத்தாரைக் கலரிலதான் பாக்கவேணும், அதுவும் பெரிய திரையில. இஞ்ச லத்தீன் குவார்ட்டர் பக்கம் சின்னச் சின்னத் தியேட்டருகளில கோதாரின்ர "கன்டெம்ப்ட்" அடிக்கடி போடுவாங்கள். திருத்தின பிரதி பாத்தனான். இத்தாலியில காப்ரித் தீவில மலப்பார்த்தே வீடு, அந்தச் செங்கல் நிறப் படிக்கட்டு, பின்னால கடல். 2016-ல கான் படவிழாவின்ர போஸ்டரே அந்தப் படிக்கட்டில நடிகர் பிக்கொலி ஏறிப்போற படம்தான். அந்த வருசக் கடைசியிலதான் கூத்தாரும் செத்தவர்.

அந்தப் படத்தின்ர முதல் ஷொட்டைப் பாருங்கோ. ஒரு பெண் புத்தகம் வாசிச்சுக்கொண்டு நடந்து வாறா, பக்கத்தில தண்டவாளத்தில கமெரா அவவோடயே வருது. ஆர் எடுத்தது, ஆர் நடிச்சது எண்டு கோதாரின்ர குரல் வாசிக்குது. கமெராவுக்குப் பின்னால இருக்கிறவர் கூத்தாரேதான். கிட்ட வந்தவுடன கமெராவைத் திருப்பி எங்களை நேர பாக்கிறார். பட்டன் அமுத்திற ஆளை ஒரு இயக்குநர் தன்ர படத்தின்ர வாசலிலேயே நிப்பாட்டுவாரோ அண்ணை?

கடுகுமணி:
அது கோதாரோட ஐடியாதானே? நானும் அதைத்தான் சொல்றேன் 😀 காப்ரியில கேமராவை எங்க வச்சாலும் அழகாத்தான் இருக்கும்.

மீனா எடிட்ஸ்:
காப்ரியை விடுங்க. அந்தப் படத்தோட நடுவுல ரோம் அபார்ட்மெண்ட் சீன் இருக்கே, ஏறக்குறைய அரை மணி நேரம், வீட்டு வேலையே முடியாத காலி வீடு, புருஷன் பொண்டாட்டி சண்டை. அங்க காட்ட அழகே கிடையாது. வெள்ளைச் சுவர், சிவப்பு சோஃபா, ஒரு டேபிள் லேம்ப்.

அந்த லேம்ப் ஷாட்டை நான் டைம்லைன்ல போட்டு நிறுத்தி நிறுத்திப் பாத்திருக்கேன். புருஷனா வர்ற பிக்கொலி ஒரு பக்கம், பொண்டாட்டியா வர்ற பார்தோ ஒரு பக்கம், நடுவுல லேம்ப். வழக்கமா எடிட்டர் என்ன பண்ணுவோம், இவர் பேசினா இவர் முகம், அவங்க பேசினா அவங்க முகம். இங்க கட்டே இல்ல. கேமரா பக்கவாட்டுல இவர்கிட்ட போகுது, அவங்ககிட்ட வருது, திரும்பப் போகுது. ஆனா பேச்சோட தாளத்துக்குப் போகல! இவர் கேள்வி கேக்கும்போது லேம்ப் மேல இருக்கு, அவங்க பதில் சொல்லி முடிச்சப்புறம் வந்து சேருது. இவர் லேம்பைப் போடறார், அணைக்கறார். ரெண்டு பேர் பேசிக்கறாங்க, ஆனா சேர்ந்திருக்கலைங்கறது கேமரா நகர்றதுலயே தெரியுது. சினிமாஸ்கோப்போட அந்த நீளமான சட்டத்துல ரெண்டு பேரையும் தாராளமா ஒண்ணா வச்சிருக்கலாம். வேணும்னே வைக்கல.

ஐடியா கோதாரோடதா இருக்கட்டும். ஆனா அந்த வேகம், எங்க நிக்கணும், எப்ப தாமதிக்கணும், அது ஆபரேட் பண்ற கை.

இன்னொண்ணு, ப்ரெத்லெஸ் "ஸ்டைல்"னு நீங்க எல்லாரும் சொல்றதுல பாதி ஜம்ப் கட். படம் நீளமாயிடுச்சுன்னு ஷாட்டுக்குள்ளயே வெட்டினாங்க. எடிட்டர் செசீல் தெகூஜிஸ். அவங்க பேரை இந்த இழையில இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லல.

வடபழனி ஃபோகஸ்:
மீனா மேடம் சொன்னதுக்கு ஒரு கொசுறு. "கையில கேமரா"ங்கற பட்டம் எவ்வளவு தப்புன்னு பாக்கணும்னா கோதாரோட "விவ்ர் ஸா வி" பாருங்க. அது மிட்செல். யானை கனம். லைவ் சவுண்டு வேணும்னு அதை எடுத்தாங்க. கேமரா மெதுவா, பெரிய மனுஷன் மாதிரி நகருது. முதல் சீனே காபிக் கடையில ரெண்டு பேரோட முதுகு.

கோதாரோட "வீக்எண்ட்" ட்ராஃபிக் ஜாம் ஷாட்டும் அப்படித்தான். 300 மீட்டர் ட்ராக். எட்டு நிமிஷம் கிட்ட, நடுவுல எழுத்துக் கார்டு மட்டும் வந்து போகும். வரிசையா கார், சர்க்கஸ் வண்டி, சீட்டாடறவங்க, கடைசியில ரத்தம். முந்நூறு மீட்டர் ட்ராக் லெவல் பண்றதுன்னா என்னன்னு கிரிப் ஆளுங்களைக் கேளுங்க.

கலர்ல இன்னொரு தந்திரம்: கோதாரோட "பியரோ லெ ஃபூ" டெக்னிஸ்கோப் முறையில எடுத்தது. ஒரு ஃப்ரேமுக்கு நாலு ஓட்டைக்குப் பதிலா ரெண்டு. ஆயிரம் அடி பதினோரு நிமிஷம் ஓடறது இருபத்திரண்டு நிமிஷம் ஓடும். அகலமான படத்தைச் சுருக்கிப் பதிவு பண்ற அனமார்ஃபிக் லென்ஸே வேணாம், சாதா லென்ஸ் போதும். கிரெயின் கொஞ்சம் ஏறும், பரவால்ல. தெற்கு ஃபிரான்ஸ் வெயில்ல சிவப்பும் நீலமும் சும்மா போஸ்டர் பெயிண்டு மாதிரி நிக்கும்.

நிழல்வாசி:
@கடுகுமணி உங்கள் வாதத்தை இப்படிச் சோதிக்கலாம். கோதாரைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்ப்போம்.

தெமியின் "லோலா", 1961. நாந்த் நகரம். ஜன்னல்கள் எல்லாம் வெள்ளையாக வெடித்துக் கிடக்கும். வெளியே விவரமே இருக்காது, வெறும் வெளிச்சம். முகங்கள் அதற்கு எதிரே மிதக்கும். ப்ரெத்லெஸின் அழுக்கு இதில் துளியும் இல்லை. அதே ஆள், அதே காலம், அதே சிக்கனம்.

த்ரூஃபோவின் "ஜூல்ஸ் அண்ட் ஜிம்", 1962. அதில் கேமரா சைக்கிளோடு ஓடுகிறது, பறக்கிறது. அடுத்து "தி ஸாஃப்ட் ஸ்கின்", 1964. அங்கே கேமரா ஓடவே இல்லை. லைட் சுவிட்ச், கியர், டெலிபோன், லிஃப்ட் பொத்தான் என்று கையும் பொருளுமாகத் துண்டு துண்டான குளோசப்புகள். திருட்டுத்தனமாகக் காதலிக்கிற ஒருவனின் பதற்றம் அந்தத் துண்டுகளில்தான் இருக்கிறது.

கோஸ்டா கவ்ராஸின் "இஸட்", 1969. கிரீஸில் ராணுவ ஆட்சி, அங்கே எடுக்க முடியாது, அல்ஜீரியாவில் எடுத்தார்கள். கூட்டத்துக்குள் கேமரா போகும் விதத்தைப் பாருங்கள். எங்கே அடி விழும் என்று தெரிந்த ஆள் பிடித்த கேமரா அது. கோதார் அந்த ஊரிலேயே இல்லை.

கடுகுமணி:
ஸாஃப்ட் ஸ்கின் எனக்கு ரொம்பப் பிடிச்ச படம், அதுல சண்டை போட மாட்டேன். ஆனா பாருங்க, நீங்களே சொல்றீங்க: லோலா ஒரு மாதிரி, ஜூல்ஸ் ஒரு மாதிரி, ஸாஃப்ட் ஸ்கின் ஒரு மாதிரி, இஸட் ஒரு மாதிரி. அப்ப கூத்தார் மாதிரின்னு எது? இத்தாலி ஒளிப்பதிவாளர் ஸ்டொராரோ படம்னா ஒரு ஃப்ரேமைப் பாத்தே சொல்லிடலாம். கூத்தார் ஃப்ரேமைக் காட்டினா இயக்குநர் பேரைத்தான் சொல்வீங்க.

ஆழ்குவியம்:
கடுகுமணி சொல்வதில் பாதியை நான் ஏற்பேன். ஆனால் ஃப்ரேமைப் பார்த்ததும் ஒளிப்பதிவாளரின் பெயர் ஞாபகம் வருவதுதான் பெருமை என்று யார் சொன்னது? ஃப்ரேமில் கையெழுத்துப் போடுகிற ஒளிப்பதிவாளர்கள் ஒரு வகை. கூத்தாரின் கையெழுத்து படப்பிடிப்புத் தளத்தில் இருந்தது. எத்தனை பேர் நின்றார்கள், எவ்வளவு நேரம் காத்தார்கள், நடிகர் எத்தனை அடி நடக்க முடிந்தது என்பதில். திரையில் தெரிவது அதன் விளைவு.

லாசப்பல்:
ஒரு விசயம் ஒருத்தரும் தொடேல்ல. அவர் பட்டாளத்தான். இந்தோசீனாவில பிரெஞ்சுப் படையோட நிண்டவர். அப்பிடிப்பட்டவர் 1967-ல கோதாரோட "லா ஷினுவாஸ்" எடுக்கிறார், மாவோ புத்தகம் தூக்கின பொடியளின்ர படம். அதில கமெராவோட அவரே ஒருக்கா திரையில வாறார். அதே வருசம் வீக்எண்ட். அதோட கோதார் முழு அரசியலுக்குள்ள போட்டார், ரெண்டு பேரும் பிரிஞ்சிட்டினம்.

கூத்தார் பிறகு தானே ஒரு படம் இயக்கினவர், "ஹோவா பின்", 1970. வியட்நாமில, சண்டை நடந்துகொண்டு இருக்கேக்கயே எடுத்தது. தாயில்லாத ஒரு சின்னப் பொடியன் தங்கச்சியைப் பாக்கிற கதை. கானில முதல் படத்துக்கான பரிசு, ழான் விகோ பரிசு, ஒஸ்காருக்கும் பேர் போனது. பத்து வருசத்துக்குப் பிறகு "கொல்வேசி" படம், பிரெஞ்சு அந்நியப் படையணியைப் பற்றினது. அது எனக்குப் பிடிக்காது, வெளிப்படையாச் சொல்லுறன். சண்டைக்குள்ள பிறந்து வளந்த எங்களுக்கு ஹோவா பின் பொடியனைத் தெரியும். கொல்வேசியில பரசூட்டில குதிக்கிறவையைத் தெரியாது.

நிழல்வாசி:
@லாசப்பல் நன்றி அண்ணா. அந்த இரண்டு படங்களையும் அருகருகே வைத்து நான் யோசித்ததில்லை.

ராணுவத் தொடர்பில் இன்னொன்றும் சேர்க்கலாம். ஷொண்டொர்ஃபரின் "லெ க்ராப் தாம்பூர்", 1977. வட அட்லாண்டிக்கில் ஒரு கடற்படைக் கப்பலில் எடுத்தது. கறுத்த கடல், பனி, உப்புத் தெறிப்பு. ஃபிரான்ஸின் தேசியத் திரைப்பட விருதான செசார் இதற்குத்தான் கிடைத்தது. உலகமே அவரை பாரிஸ் தெருக்களுக்காகத் தெரிந்துவைத்திருக்க, சொந்த நாட்டில் பரிசு வாங்கித் தந்தது ஒரு கப்பல் படம்.

1982-ல் கோதாரிடம் திரும்பினார்: "பேஷன்". ரெம்பிராண்ட், கோயா, தெலக்ருவா ஓவியங்களை நடிகர்களை வைத்துச் செட்டில் அப்படியே எழுப்புகிறார்கள். கதைக்குள் இருக்கும் இயக்குநர் வெளிச்சம் சரியில்லை, சரியில்லை என்று படத்தையே முடிக்க மாட்டேன் என்கிறார். லைட்டுக்காகக் காத்திருக்க மறுத்த ஆளை அழைத்து, லைட்டுக்காகக் காத்திருப்பதைப் பற்றியே படம் எடுத்திருக்கிறார் கோதார். குறும்பு! கானில் அந்த ஆண்டு தொழில்நுட்பப் பரிசு கூத்தாருக்கு.

மீனா எடிட்ஸ்:
கரேலோட எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை விட்டுட்டீங்க. "ஸாவேஜ் இன்னசன்ஸ்" 2001. எழுபத்தஞ்சு வயசு தாண்டின ஆள் எடுத்த படம். அதுல வர்ற கறுப்பு, ப்ரெத்லெஸ் கறுப்பு இல்ல. இது மெத்து மெத்துன்னு இருக்கும், முகத்துல பாதி அதுக்குள்ள போயிடும்.

புதுவரவு22:
வணக்கம் அண்ணன்மார்களே, அக்கா. விஸ்காம் ரெண்டாம் வருஷம். இழை முழுக்கப் படிச்சேன், தலை சுத்துது. இதுல எதுவுமே பாத்ததில்ல. எந்த வரிசையில பாக்கணும்?

நிழல்வாசி:
ப்ரெத்லெஸ், லோலா, கன்டெம்ப்ட், இஸட். அந்த வரிசையில்.

வடபழனி ஃபோகஸ்:
தம்பி, கோதாரோட "ஆல்ஃபவில்" படத்தை முதல்ல பாரு. 1965 பாரிஸை ராத்திரியில அப்படியே எடுத்து எதிர்கால நகரம்னு நம்ப வச்சிருக்காங்க. ஒரு செட்டு கிடையாது, அதே ஹெச்பிஎஸ். இருட்டுல ஃபிலிம்ல ஒண்ணுமே விழாதுன்னு கூத்தாரே தலையில அடிச்சுக்கிட்டாராம். போன்ல பாக்காதே, கறுப்பெல்லாம் சேறாயிடும்.

கடுகுமணி:
அவங்க சொல்றதைக் கேக்காதீங்க தம்பி. "ஸாஃப்ட் ஸ்கின்" பாருங்க, கையோட தெகாயே எடுத்த லூயி மால் படத்தைப் பாருங்க. அப்புறம் "மாஸ்குலின் ஃபெமினின்" பாருங்க. அது கோதார் படம், ஆனா ஒளிப்பதிவு வில்லி குரான், கூத்தார் இல்ல. வித்தியாசம் கண்டுபிடிக்க முடிஞ்சா இங்க வந்து எழுதுங்க, நான் கட்சி மாறறேன்.

வடபழனி ஃபோகஸ்:
கிளாஸ் மாதிரி வீட்டுப்பாடம் குடுக்கறார் பாருங்க 😂 தம்பி, எழுதும்போது டைம்கோடு போட்டு எழுது. இல்லன்னா இந்த மனுஷன் ஒத்துக்க மாட்டார்.